கொரியோகிராஃபருக்கு ஐந்து துண்டு

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம். ஜெராக்ஸ், ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே கூரைக்குள் நடக்கும். காகிதம் வெட்டும் இயந்திரத்தை முதலாளி பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டரில் டைப் அடிப்பது அந்த அக்கா. வருகிறவர்கள் எல்லோரும் அவரை டிடிபி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், எழுதலாமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

நான் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுப்பவன். சொந்த ஊர் சின்னமனூர். டிசம்பர் பிறந்தால் கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுக்க அலைவேன். மார்ச் முடிந்தால் கல்யாண மண்டபங்களில் லைட் கட்டப் போய்விடுவேன். ஒரு வருடம் விசிட்டிங் கார்டு அடிக்கலாம் என்று ஆசை வந்தது. டான்ஸ் மாஸ்டர் என்று போட்டால் எடுப்பாக இருக்காது, கொரியோகிராஃபர் என்று போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு அந்த அச்சகத்துக்குப் போனேன்.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். கீபோர்டில் கை வைக்கவில்லை.

"மாஸ்டர், சி-க்குப் பெறகு ஒரு எச் வரணும். விட்டுட்டீக."

"போட்டுக்கங்கக்கா."

"அர்த்தம் என்ன இதுக்கு?"

"டான்ஸ் மாஸ்டருன்னு அர்த்தம். கொஞ்சம் ஸ்டைலா சொல்றது."

"அது நீங்க சொல்ற அர்த்தம். சொல்லுக்குள்ள என்ன இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் சொல்லை அடித்தார். பெரிய எழுத்தில் வேண்டும் என்று நான் கேட்டிருந்ததால் ஒரு வரியில் அது அடங்கவில்லை. கம்ப்யூட்டர் தானாகவே உடைத்துக் கடைசி மூன்று எழுத்துகளைக் கீழே தள்ளியது. அக்கா நகத்தால் திரையைத் தட்டினார்.

"பாருங்க. மேல கொரியோகிராப்னு நிக்குது. கீழ ஹெர். ஹெர்னா 'அவளோட'. நீங்க ஆம்பள."

முதலாளி சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. இயந்திரத்தில் வெட்டி விழுந்த காகித ஓரம் ஒன்றை எடுத்து அதில் சொல்லை எழுதினார். நடு நடுவே சின்னக் கோடு போட்டார். சி எச் ஓ. ஆர் ஈ. ஓ ஜி. ஆர் ஏ. பி எச் ஈ ஆர். ஐந்து துண்டு. "ஒடைக்கணும்னா இந்த நாலு எடத்துலதேன் ஒடைக்கணும்" என்றார். பிறகு தலையணை கனத்துக்கு இருந்த அகராதியைப் புரட்டினார். அதில் போதவில்லை என்று போனில் தேடினார். எனக்குப் பின்னால் நோட்டீஸ் அடிக்க இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கிரேக்கச் சொல்லாம். முன்பாதிக்குக் கூட்டமா ஆடுற ஆட்டம்னு அர்த்தம். பின்பாதிக்கு எழுதுறது. அப்ப, ஆட்டத்த எழுதுறவரு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எழுதி வச்சிருக்கீகளா?"

"என்னத்தக்கா?"

"ஆட்டத்த."

நான் எதையும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் மனசில்தான். அவர் எழுத்தைச் சின்னதாக்கி, சொல் ஒரே வரியில் நிற்கும்படி செய்து கார்டை அடித்துக் கொடுத்தார். வெளியே வந்த எனக்கு அந்தக் கார்டை நீட்டவே கூச்சமாக இருந்தது. மறுநாள் ஒரு நோட்டு வாங்கி, எந்தப் பாட்டுக்கு எத்தனை எண்ணிக்கை, எந்தப் பிள்ளை எங்கே நிற்க வேண்டும், எத்தனை அடி நகர வேண்டும் என்று கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன். இன்றுவரை எழுதுகிறேன்.

அவர் எல்லோரிடமும் அப்படித்தான். கம்பத்துத் திராட்சை வியாபாரி ஒருவர் லெட்டர் பேடில் எக்ஸ்போர்ட்டர் என்று போடச் சொன்னார். அக்கா காகித ஓரத்தை எடுத்துவிட்டார்.

"எக்ஸ்னா வெளிய. போர்ட்னா தூக்கிட்டுப் போறது. நாட்டுக்கு வெளிய சரக்கு போகுதாண்ணே?"

"மதுரைக்குப் போகுது."

"மதுரை வெளியவா இருக்கு?"

"ஆத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும், எழுதியிருக்கத அடி. எனக்கு வண்டி நிக்குது."

அடித்துக் கொடுத்தார். ஆனால் அர்த்தம் சொல்லாமல் அடித்ததில்லை. அவரிடம் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. அந்த வேறு கடையில் தப்பும் தவறுமாக அடித்து வாங்கி, திருத்துவதற்குத் திரும்ப இங்கே வந்தவர்களும் உண்டு. மேசை ஓரத்து ஆணியில் மாட்டிய ஒரு பெரிய கிளிப்பில் அந்தக் காகித ஓரங்கள் கத்தையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சொல், இடையில் கோடுகள், கீழே தமிழில் அர்த்தம். மதியம் தொழுகை முடித்துச் சாப்பிட்ட பிறகு அதில் நாலைந்தை எடுத்து உதட்டுக்குள் படித்துக்கொண்டிருப்பார். நான் வேலை இல்லாத நாள்களிலும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். ஒருமுறை, இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டேன்.

"பன்னெண்டாப்புல இங்கிலீசு மூணு தடவ போயிருச்சு மாஸ்டர். நீளமா ஒரு சொல்லப் பாத்தாலே படிக்காமத் தாண்டிருவேன். பிரிச்சுட்டா சின்னச் சின்னதா ஆயிரும். படிச்சுரலாம்" என்றார்.

இந்தப் பழக்கத்தை நான் வேடிக்கையாகவே பார்த்துக்கொண்டிருந்தேன், மயிலாடும்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வருகிற வரைக்கும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் இருவருக்கும். மகள் வீட்டுக்கு வந்தவர்கள், மறுநாள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். அந்த அம்மாதான் கேட்டார்.

"பாப்பா, டாக்டரு ஒண்ணுஞ் சொல்லல. மதுரைக்குப் போங்கன்னு மட்டுஞ் சொன்னாக. இதுல என்ன எழுதியிருக்காகன்னு பாரேன்."

அக்கா ரிப்போர்ட்டை வாங்கினார். ஒரு சொல்லில் விரல் நின்றது. காகித ஓரத்தில் எழுதி மூன்றாகப் பிரித்தார். அகராதியைப் புரட்டினார். வழக்கம்போல, அதே குரலில், அதே வேகத்தில் படித்தார். "கொடிய. உயிருக்கு ஆபத்தான. புற்றுத் தன்மையுள்ள."

படித்து முடித்த பிறகுதான் அவருக்கே என்ன படித்தோம் என்று உறைத்திருக்க வேண்டும். அந்த அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். கணவர் நின்றபடியே, "அப்படியாம்மா போட்டுருக்கு" என்று இரண்டு தடவை கேட்டார். முதலாளி ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். அவர்கள் குடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு முதலாளி கோபமில்லாமல்தான் சொன்னார். "இனிமே அர்த்தஞ் சொல்ற சோலியே வேணாம்மா. அடிக்கிறது மட்டுந்தேன் நம்ம வேலை."

"கேட்டாக, சொன்னேன்" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் போனபோது கிளிப் இருந்த ஆணி காலியாக இருந்தது. அகராதியைக் காணோம். கொடுத்ததை வாங்கினார், அடித்தார், நீட்டினார். நான் வேண்டுமென்றே ஒரு நோட்டீஸில் நீளமான ஒரு சொல்லை எழுதிக்கொண்டு போனேன். பேசாமல் அடித்துக் கொடுத்தார். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருந்தார்.

அந்த வருடம்தான் கம்பம் சாலையில் இருந்த ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் விபத்து நடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஆடிய ஆட்டம். சிமென்ட் மேடை போதாது என்று அன்று மதியம் முன்பக்கம் பலகை போட்டு நீட்டியிருந்தார்கள். அடியில் தகர டிரம், மேலே சிவப்புக் கம்பளம். ஒத்திகை எல்லாம் பழைய மேடையில்தான் நடந்தது. ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் எல்லோரும் வரிசையாக முன்னால் நாலு அடி நடந்து வர வேண்டும். மூன்றாவது அடியில் ஒரு பலகை புரண்டது. கூடலூரிலிருந்து வேனில் வந்து படித்த பிள்ளை ஒன்று உள்ளே விழுந்தது. இடது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. அன்றைக்கே தேனிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள்.

பிள்ளையின் அப்பா போலீசில் புகார் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துப் பள்ளியின் ஆபீஸ் மேனேஜர் என்னைப் போனில் கூப்பிட்டார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மாஸ்டர். பத்திரம் டைப் அடிக்கக் குடுத்துருக்கேன். நீங்க கடைக்குப் போயி ஒரு கையெழுத்துப் போட்டு வையுங்க, நான் வந்து வாங்கிக்கிறேன். அடுத்த வருசமும் நீங்கதேன் நமக்கு."

அந்தப் பள்ளியின் வேலை முழுக்க அக்கா இருந்த அச்சகத்துக்குத்தான் போகும். நான் போனபோது இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அடித்து முடித்துத் தயாராக வைத்திருந்தார். முழுக்க ஆங்கிலம். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் அன்றைக்கு எனக்குப் படிக்கிற மனநிலை இல்லை. மூன்று நாளாகத் தூங்கவில்லை. கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று பேனாவை எடுத்தேன்.

"மாஸ்டர்."

பல வாரங்களுக்குப் பிறகு அவராகப் பேசிய சொல் அது.

"இதுல உங்க சொல்லு ரெண்டு தடவ வருது."

"என் தொழில் பேருக்கா. வரத்தான செய்யும்."

"பிரிங்க பாப்போம்."

வெட்டும் இயந்திரத்திலிருந்து முதலாளி தலையைத் தூக்கினார். "ஏம்மா" என்று ஆரம்பித்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் ஐந்து துண்டையும் சொன்னேன்.

"அர்த்தம்?"

"ஆட்டத்த எழுதுறது."

"மேடைக்குப் பலகை போடுறது அதுல எந்தத் துண்டுல இருக்கு?"

அவர் பத்திரத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்தார். "இது ஃபால்ட்டி. கோளாறானது. கோளாறான ஆட்டம்னு போட்டுருக்கு. இது சோல்-லி. தனியா, ஒருத்தர் மட்டும். இது ரெஸ்-பான்-சி-பிள். பதில் சொல்ல வேண்டியவரு. எல்லாத்தையும் சேத்தா, அந்தப் பிள்ள கால் ஒடிஞ்சதுக்கு நீங்க ஒருத்தர் மட்டுந்தேன் பதில் சொல்லணும்னு வருது. இதப் படிச்சுட்டுத்தேன் போடுறீகன்னா போடுங்க. படிக்காமப் போடாதீக."

முதலாளி இயந்திரத்தை நிறுத்தினார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

மேனேஜர் வந்தபோது நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். கையெழுத்து இல்லாத பத்திரத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா எழுந்து நின்றார்.

"அவரு கேக்கல சார். நானாத்தேன் அர்த்தஞ் சொன்னேன்."

போலீஸ் விசாரணைக்கு என் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஆய்வாளர் கட்டங்களைப் பொறுமையாகப் பார்த்தார். குதிப்பது, தூக்கிப் பிடிப்பது எதுவும் அதில் இல்லை, பிள்ளை விழுந்த இடத்துக்கு முன்னால் நாலு அடி நடை என்று மட்டும் இருந்தது. பலகை போட்டவர்களையும் போடச் சொன்னவர்களையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் சிகிச்சைச் செலவைப் பள்ளியே ஏற்றுக்கொண்டது. எனக்கு அந்தப் பள்ளி போனது. அதோடு சேர்ந்து இன்னும் நாலு பள்ளிகளும் போயின. அச்சகத்துக்கும் அந்தப் பள்ளியின் வேலை நின்றுபோனது. ஒரு மாதம் கழித்து நான் எட்டிப் பார்த்தபோது கம்ப்யூட்டர் முன்னால் வேறு ஒருவர் இருந்தார்.

"நான் போகச் சொல்லல மாஸ்டர்" என்றார் முதலாளி. "என் பொழப்புக் கெட்டதுக்குத் தான்தேன் காரணம்னு அதுவா நெனச்சுக்கிருச்சு. ஒருநா வந்து சாவியக் குடுத்துட்டுப் போயிருச்சு."

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, குமுளியில் ஒரு விடுதி விழாவுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். பேருந்துக்கு நடந்து வரும்போது, எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், கேரளப் பக்கத்தில், ஏலக்காய்க் கடை வரிசையின் கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாஸ்டரே, இரிக்கு!" உட்காருங்கள் என்பதை மலையாளத்தில்.

அக்காதான். கணவருக்கு அங்கே ஏலக்காய்க் கடையில் வேலையாம், குடும்பமே வந்துவிட்டது. சின்னக் கடை, சொந்தக் கடை. ஆன்லைன் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறார். மேசையில் அகராதி இருந்தது. பக்கத்தில் மலையாள அகராதியும் ஒன்று புதிதாக இருந்தது. பாலில்லாத கட்டன் டீ வாங்கிக் கொடுத்தார். நான் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் இல்லாவிட்டால் நான் இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருப்பேன் என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அந்தப் பிள்ள எப்படி இருக்கு? நடக்குதா?"

"நடக்குதுன்னு சொன்னாக."

"சொன்னாகளா? நீங்க போயிப் பாக்கலியா?"

நான் டீயைக் குடித்தேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அன்று விழா தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மைக் எங்கே வைப்பது என்று பார்க்க நான் அந்தப் பலகை மேல் நடந்தேன். காலுக்குக் கீழே ஒன்று அசைந்தது. "இதக் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கப்பா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கட்டினார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. விசாரணையில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதை அக்காவிடம் அப்போது சொன்னேன்.

ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். அக்கா எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் கையெழுத்துப் போட வேணாமுன்னுதேன் சொன்னேன் மாஸ்டர். போயிப் பாக்க வேணாமுன்னு சொல்லலியே."

"அந்த அப்பா மூஞ்சில எப்படிக்கா முழிக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது" என்றார். "கூடலூரு போற வழியிலதானே."

கம்பம் பேருந்தில் ஏறினேன். மலை இறங்கி லோயர் கேம்ப் தாண்டுகிற வரைக்கும் நேராக ஊருக்கே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். கூடலூரில் இறங்கிவிட்டேன். விசாரித்துப் போனேன். வாசலில் லோடு ஆட்டோ நின்றது. பிள்ளையின் அப்பா அதன் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இப்பத்தேன் வழி தெரிஞ்சுச்சாக்கும்."

நின்றபடியே சொன்னேன். பலகை அசைந்தது, கட்டச் சொன்னது, திரும்பிப் பார்க்காதது, எல்லாம். அவர் கையிலிருந்த துணியைக் கீழே போடவே இல்லை. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"இத அன்னிக்குச் சொல்லியிருந்தா ஒங்களக் கொன்னுருப்பேன்" என்றார். பிறகு, "உள்ள போங்க. பிள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

அந்தப் பிள்ளை இப்போது பத்தாவது படிக்கிறது, வேறு பள்ளியில். உயரமாகியிருந்தாள். நாற்காலி எடுத்துப் போட வந்தாள். இடது காலை வைக்கும்போது ஒரு சின்னத் தயக்கம் இருந்தது, தேடிப் பார்த்தால்தான் தெரியும். அவள் அம்மா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்டேன். படிக்கிறேன் என்றாள்.

"மாஸ்டர், நான் விழுந்த பெறகு மத்தவளுக ஆடி முடிச்சாளுகளா?"

"இல்லம்மா. பாட்டு மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. யாரும் ஆடல."

"ஒருத்திகூடவா?"

"ஒருத்திகூட."

அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

"அப்ப ரெண்டு எட்டு பாக்கி கெடக்கு."

கணக்கு சரிதான். நாலு அடி நடைக்குப் பிறகு, எட்டு வரை இரண்டு முறை எண்ணி ஆட வேண்டியது மிச்சம் இருந்தது. அவள் நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள். தாவணி மாதிரி தோளில் கிடந்த துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டாள். அவள் அம்மா, "ஏய், வேணாம்டி" என்றார். அவள் அதற்குள் நடு வீட்டில் வந்து நின்றுவிட்டாள்.

"எண்ணுங்க மாஸ்டர்."

அவள் காத்திருந்தாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து வாசலில் நின்றதை நான் பார்த்தேன். ஒன்று என்றேன். இரண்டு. மூன்று. நான்காவது எண்ணிக்கைக்கு உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் கொடுத்துத் திரும்ப வேண்டும்.

நான்கு என்றேன். திரும்பினாள்.